அடுத்த வரியை யார் எழுதுவது?

பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீடுகளில் இரவு எட்டு மணிக்கு மேல் ஒரே காட்சிதான். கணக்கு நோட்டு வரும், கூடவே "இது வரல" என்ற புகாரும் வரும். அக்காவோ அப்பாவோ டியூஷன் சாரோ நோட்டை வாங்குவார். ஒரு பார்வை பார்ப்பார். பிள்ளையின் கையிலிருந்து பேனாவையும் வாங்கி மீதியைத் தானே போட்டு முடிப்பார். "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது." மறுநாள் அதே கணக்கில் எண்ணை மட்டும் மாற்றிக் கொடுத்தால் மறுபடியும் "வரல". வீட்டுக்கணக்கில் பிள்ளைக்கு எப்படி உதவுவது என்பது ஒவ்வொரு வீடும் தன் அனுபவத்தில் தீர்த்துக்கொள்ளும் சங்கதியாக இங்கே இருக்கிறது. கடந்த நாற்பது ஆண்டுகளில் கல்வி ஆய்வாளர்கள் இதை விடாமல் அளந்து பார்த்திருக்கிறார்கள். அவர்கள் கண்டவற்றை நம் பாடத்திட்டத்தின் இரண்டு பகுதிகளோடு, இயற்கணிதத்தோடும் நிகழ்தகவோடும், வைத்துப் பார்ப்பது இந்தக் கட்டுரையின் வேலை. இரண்டும் ஒரே புத்தகத்தில்தான் இருக்கின்றன. ஆனால் ஒன்றுக்குச் செய்யும் உதவி மற்றதற்குச் செல்லாது.

முதலில் அளவுகள். 1984-இல் அமெரிக்கக் கல்வியியலாளர் பெஞ்சமின் ப்ளூம் ஒரு பெரிய முடிவை வெளியிட்டார். தனி ஆசிரியரிடம் படித்த மாணவரின் சராசரி, வழக்கமான வகுப்பின் சராசரியைவிட இரண்டு திட்ட விலக்கம் மேலே நிற்கிறது என்றார். (திட்ட விலக்கம் என்றால் என்ன என்று பெற்றோர் தேட வேண்டாம், பத்தாம் வகுப்பு எட்டாம் பாடத்தில் நிகழ்தகவுக்கு முன்னால் அதுதான் இருக்கிறது, பிள்ளையிடமே கேட்கலாம்.) அந்த 'இரண்டு' என்ற அளவு பிற்கால ஆய்வுகளில் தாக்குப்பிடிக்கவில்லை. 2011-இல் கர்ட் வான்லேன் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மனிதர் தனியாகச் சொல்லித்தருவதன் பலன் 0.79 என்று இறங்கியது. அதே தொகுப்பில் இன்னும் இரண்டு எண்கள் உள்ளன. பேசப்பட வேண்டியவை அவைதான். மாணவர் போடும் ஒவ்வொரு படியையும் பார்த்துத் திருத்தும் கணினி 0.76 பெற்றது. கடைசி விடையை மட்டும் பார்த்து 'சரி', 'தப்பு' என்று சொல்லும் கணினி பெற்றது 0.31. மனிதருக்கும் கணினிக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு, வரியைப் பார்ப்பதற்கும் விடையைப் பார்ப்பதற்கும் இடையே இருக்கிறது.

வரியைப் பார்த்தால் என்ன தெரியும் என்பதற்கு இயற்கணிதத்தைப் போல நல்ல இடம் கிடையாது. "3 எக்ஸ் = 12" என்ற கணக்கில் ஒரு பிள்ளை மைனஸ் 4 என்று எழுதுகிறது. விடையை மட்டும் பார்ப்பவர் "கவனமில்ல, பாத்துப் போடு" என்பார். கவனக்குறைவு அல்ல அது. "பக்கம் மாறினா சைன் மாறும்" என்ற விதியை அந்தப் பிள்ளை மிகுந்த கவனத்தோடு கடைப்பிடித்திருக்கிறது. கூட்டலுக்குச் சொன்ன விதியைப் பெருக்கலுக்கும் கொண்டுபோய்விட்டது, அவ்வளவுதான். நம் வகுப்பறைகளில் ஏழாம், எட்டாம் வகுப்பிலேயே இந்தச் சுருக்கு விதி சொல்லப்பட்டுவிடுகிறது. இரு பக்கத்திலும் ஒரே எண்ணைக் கழிக்கிறோம், இரு பக்கத்தையும் ஒரே எண்ணால் வகுக்கிறோம் என்ற காரணம் அதோடு போவதில்லை. "ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர்" என்றால் ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர் என்று எழுதுவதும் இதே வகை. இரண்டால் பெருக்கும்போது அடைப்புக்குள் இருக்கும் இரண்டுக்கும் இரண்டு போய்ச் சேருகிறது. ஸ்கொயர் மட்டும் ஏன் அப்படிப் போகாது? பிள்ளையின் தப்பில் ஒரு தர்க்கம் இருக்கிறது. அந்தத் தர்க்கத்தைக் கண்டுபிடிக்காமல் சூத்திரத்தை நூறு முறை எழுதச் சொன்னால் நூற்றியோராவது முறையும் அதே தப்பு வரும்.

சமன் குறி இன்னொரு இடறல். "8 + 4 = ☐ + 5" என்று அமெரிக்க ஆரம்பப் பள்ளிகளில் கேட்டுப் பார்த்தார்கள்; 1999-இல் வெளியான அந்த ஆய்வில் பெரும்பாலான பிள்ளைகள் கட்டத்தில் 12 அல்லது 17 என்றே எழுதினார்கள். சமன் குறி என்றால் 'இனி விடையை எழுது' என்று பொருள் என்பது அவர்கள் எண்ணம். இங்கே அந்த எண்ணம் உயர்வகுப்பு வரை வருகிறது. "3 எக்ஸ் + 5 = 20 = 3 எக்ஸ் = 15 = 5" என்று ஒரே வரியில் ஓட்டி எழுதும் நோட்டுகளைப் பார்க்காத கணக்கு ஆசிரியர் இருக்க மாட்டார். கடைசியில் 5 சரியாக வந்துவிடுவதால் பலர் டிக் போட்டு விட்டுவிடுகிறார்கள். 20-உம் 15-உம் 5-உம் சமம் என்று எழுதிய கைக்கு, இரு புறமும் மாறிகள் உள்ள சமன்பாடு வரும்போதுதான் உதை விழுகிறது.

வாக்கியக் கணக்குகள் தனி உலகம். 1980-களின் தொடக்கத்தில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் முதலாண்டுப் பொறியியல் மாணவர்களிடம் ஒன்று கேட்டார்கள்: ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களின் எண்ணிக்கையைப்போல் ஆறு மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள், இதைச் சமன்பாடாக எழுதுக. 37 விழுக்காட்டினர் தவறினார்கள். பெரும்பாலும் எழுதப்பட்ட தப்பு, '6 மாணவர் = பேராசிரியர்' என்பது. பொறியியலுக்கு வந்தவர்களுக்கே இந்த நிலை. எழுத்து என்பது எண்ணிக்கையைக் குறிக்கிறது, ஆளைக் குறிக்கவில்லை என்பது அவர்களுக்குத் தங்கவில்லை. நாமே "எக்ஸ்னா ஆப்பிள்னு வச்சுக்கோ" என்று சொல்லித்தான் பிள்ளைகளுக்கு இயற்கணிதத்தைத் தொடங்கிவைக்கிறோம். ஆப்பிளின் விலை, ஆப்பிளின் எண்ணிக்கை, ஆப்பிள் ஆகிய மூன்றும் பிள்ளையின் மண்டையில் ஒன்றாகக் குழைந்துபோவதற்கு அதுவே போதும். இதற்கு உதவி எளிது. சமன்பாடு எழுதியதும், "சரி, பேராசிரியர் பத்துப் பேர்னா மாணவர் எத்தனை? இப்ப உன் வரியில போடு" என்றால் போதும். தப்பான வரி தானாகக் கவிழும்.

இந்தப் 'போட்டுப் பார்' என்பதுதான் இயற்கணிதம் மாணவருக்குத் தரும் பெரிய சலுகை. விடையைச் சமன்பாட்டில் திருப்பிப் போட்டால் சரியா தப்பா என்பதைச் சமன்பாடே சொல்லிவிடும். காரணிப்படுத்தினாயா, பெருக்கிப் பார். மூன்று மாறிகளில் ஒருங்கமை சமன்பாடா, மூன்றிலும் போட்டுப் பார். ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயரில் சந்தேகமா, ஏ-க்கு 1, பி-க்கு 2 போடு. ஒரு பக்கம் 9, மறுபக்கம் 5. உதவ வந்தவர் கணக்கில் பெரிய புலியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. எட்டாம் வகுப்போடு நிறுத்திய அம்மாகூட "போட்டுப் பாத்தியா?" என்று கேட்கலாம், அது உண்மையான உதவி.

நிகழ்தகவில் இந்தச் சலுகை கிடையாது. ஏழில் இரண்டு என்று விடை வந்தால் அதை எதில் திருப்பிப் போடுவது? பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் இருக்கிறதா என்று பார்க்கலாம். அதற்கு மேல் கணக்கு வாய் திறக்காது. தப்பான விடையும் சரியான விடையைப்போலவே அழகான பின்னமாக உட்கார்ந்திருக்கும். இதனால்தான் இந்தத் துறையில் பெரிய தலைகளே சறுக்கியிருக்கின்றன. இரண்டு பகடைகளில் கூடுதல் 11 வருவதும் 12 வருவதும் சம வாய்ப்பு என்று லைப்னிட்ஸ் நினைத்தார். 5-உம் 6-உம், 6-உம் 5-உம் என 11-க்கு இரண்டு வழி. 12-க்கு ஒரே வழி. பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்துக்கு 1754-இல் எழுதிய கட்டுரையில் தலம்பேர், நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு தலையாவது விழ வாய்ப்பு மூன்றில் இரண்டு என்று வாதிட்டார். முதல் சுண்டலில் தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது, ஆக மொத்தம் மூன்றே வழி என்பது அவர் கணக்கு. அந்த மூன்று வழிகளும் ஒரே எடை உள்ளவை அல்ல. சரியான விடை நான்கில் மூன்று. இன்றைக்கும் நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் செய்யும் தப்பு அச்சு அசலாக இதுவே. "வரும், வராது, ரெண்டுல ஒண்ணு, அப்ப பாதி" என்று சொல்லும் பிள்ளையைத் திட்டுவதற்கு முன் தலம்பேரை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

வயது ஏறினால் இந்தத் தப்புகள் குறையும் என்று நினைப்போம். இஸ்ரேலில் ஃபிஷ்பைனும் ஷ்னார்க்கும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. மூன்று நாணயங்களைச் சுண்டி இரண்டு தலையாவது விழுவதும், முந்நூறு நாணயங்களைச் சுண்டி இருநூறு தலையாவது விழுவதும் ஒரே வாய்ப்பா என்று ஐந்தாம் வகுப்பு தொடங்கி மேல்வகுப்புகள் வரை கேட்டார்கள். 'ஒரே வாய்ப்பு' என்ற தப்பான பதில் வகுப்பு ஏற ஏறக் கூடிக்கொண்டே போனது. உண்மையில் முதலாவது சரிபாதி. இரண்டாவது நடக்கவே நடக்காது என்று சொல்லும் அளவுக்கு அரிது. மேல்வகுப்பு மாணவரைக் கெடுத்தது அவர் கற்ற பாடம்: மூன்றில் இரண்டும் முந்நூறில் இருநூறும் சமம் என்று விகிதம் சொல்லித்தந்திருக்கிறதே! இயற்கணிதத்தில் தேர்ந்த பிள்ளை நிகழ்தகவில் தேறும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

அப்படியானால் நிகழ்தகவுக்கு என்ன உதவி? பின்னத்தை எழுத விடாமல் தடுப்பதுதான். கூறுவெளியை, அதாவது நடக்கக்கூடிய எல்லா விளைவுகளையும், முதலில் எழுதட்டும். முழுதாக, ஒன்று விடாமல், விரல் வலித்தாலும் எழுதட்டும். மர வரைபடம் போடட்டும். அதன்பிறகு, "இதுல எல்லாத்துக்கும் ஒரே வாய்ப்பா?" என்ற ஒரு கேள்வி. கலிலியோ செய்ததும் இதுதான். மூன்று பகடைகளில் கூடுதல் 9 வருவதைவிட 10 சற்று அதிகம் வருகிறதே, இரண்டுக்கும் ஆறு ஆறு வகைதானே இருக்கிறது என்ற சூதாடிகளின் குழப்பத்துக்கு, அவர் 216 விளைவுகளையும் கணக்கில் எடுத்தார். 9-க்கு 25, 10-க்கு 27 என்று வந்தது.

நம் பாடநூலில் கூறுவெளி, மர வரைபடம் எல்லாம் இருக்கின்றன. ஆனால் கணக்குகள் பெரும்பாலும் நாணயம், பகடை, சீட்டுக்கட்டு. சீட்டுக்கட்டைத் தொட்டாலே அடி விழும் வீட்டில் வளர்ந்த பெண்பிள்ளைக்கு, முக அட்டை 12 என்பதும் ஸ்பேட் கறுப்பு, டைமண்ட் சிவப்பு என்பதும் மனப்பாடம் செய்ய வேண்டிய இன்னொரு சூத்திரம். கணக்கு வராததற்குக் காரணம் நிகழ்தகவு அல்ல, சீட்டு. அதே வீட்டுப் பரணில் தாயக்கட்டை இருக்கும். நிகழ்தகவு கற்பிக்க அதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு கட்டையிலும் நான்கு முகம்: வெற்று, ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு கட்டை உருட்டினால் பதினாறு விளைவு. தாயத்துக்கு, அதாவது ஒன்றுக்கு, இரண்டு வழி, இரண்டுக்கு மூன்று, மூன்றுக்கு நான்கு, நான்குக்கு மூன்று, ஐந்துக்கு இரண்டு, ஆறுக்கு ஒன்று. இரண்டும் வெற்றாக விழுந்தால் பன்னிரண்டு, அதற்கும் ஒன்று. தாயம் விழும் நிகழ்தகவு எட்டில் ஒன்று. இப்போது ஆட்டத்தின் விதியைப் பாருங்கள். எந்த எண்களுக்கு மறு உருட்டல்? தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு. அரிதாக விழும் நான்கையும் பொறுக்கி எடுத்துப் பரிசு வைத்திருக்கிறார்கள்! மறு உருட்டல் கிடைக்கும் வாய்ப்பு பதினாறில் ஆறு. விதியை வகுத்தவர் பின்னம் போட்டுப் பார்த்திருக்க வேண்டியதில்லை. ஆடி ஆடிக் கண்டுகொண்டிருக்கலாம்.

இன்னொன்றும் இதில் கிடைக்கும். எட்டில் ஒன்று என்றால் எட்டு முறை உருட்டினால் ஒரு தாயம் நிச்சயம் என்றுதான் பிள்ளை சொல்லும், பெரியவர்களும் சொல்வார்கள். எட்டில் ஏழை எட்டு முறை தன்னாலேயே பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 0.34 வரும். அதாவது எட்டு உருட்டலில் ஒரு தாயம்கூட விழாமல் காய் வெளியிலேயே கிடக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல். தாயம் ஆடிய எவருக்கும் இந்த எரிச்சல் தெரியும். அடுத்து சோழியை எடுங்கள். சோழி குப்புற விழுவதும் மல்லாந்து விழுவதும் சரிபாதியாக இருக்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. அதன் உருவம் அப்படி. இருநூறு முறை போட்டு எண்ணினால்தான் தெரியும். சம வாய்ப்பு என்பது கட்டையின் குணம், உலகத்தின் குணம் அல்ல என்பதைச் சோழி ஐந்து நிமிடத்தில் காட்டிவிடும்.

பதினொன்றாம் வகுப்பில் பேயீஸ் தேற்றம் வரும்போது சூத்திரம் பிள்ளையை விழுங்கிவிடுகிறது. கெர்ட் கிகரென்சரும் உல்ரிக் ஹாஃப்ராகேயும் 1995-இல் காட்டியது எளிய வழி: விழுக்காட்டை ஆட்களாக மாற்று. ஒரு தொழிற்சாலையில் முதல் இயந்திரம் 60 விழுக்காடு பொருள் செய்கிறது, அதில் 2 விழுக்காடு பழுது. இரண்டாவது 40 விழுக்காடு, அதில் 5 விழுக்காடு பழுது. எடுத்த பொருள் பழுது என்றால் இரண்டாம் இயந்திரத்துடையதாக இருக்க என்ன வாய்ப்பு? ஆயிரம் பொருள் என்று வைத்துக்கொண்டால் முதலாவதில் 600, பழுது 12. இரண்டாவதில் 400, பழுது 20. மொத்தப் பழுது 32-இல் 20, அதாவது எட்டில் ஐந்து. சூத்திரம் பிறகு வரட்டும். தேர்வுத்தாளில் அதைத்தான் எழுத வேண்டும் என்பது வேறு விஷயம்.

எவ்வளவு சொல்லிக்கொடுப்பது என்பதில் ஆய்வாளர்கள் இரண்டு கட்சி. ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985-இல் இயற்கணிதத்தையே எடுத்துக்கொண்டு, தொடக்கநிலை மாணவர் தானே முட்டிமோதுவதைவிடப் போட்டு முடித்த கணக்குகளைப் படிப்பதால் விரைவில் கற்கிறார் என்று காட்டினார்கள். ஆனால் வெறுமனே பார்த்தால் போதாது. ஒரு வரியிலிருந்து அடுத்த வரி ஏன் வந்தது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்க்கும் மாணவரே அதனால் பயன்பெறுகிறார் என்பது 1989-இல் மிஷெலின் சி கண்டது. மறுகட்சியில் மனு கபூர். சிங்கப்பூர் பள்ளிகளில், சூத்திரம் சொல்வதற்கு முன்பே மாணவரைக் கணக்கோடு மல்லுக்கட்ட விட்டார். முதலில் தோற்று, பிறகு பாடம் கேட்டவர்கள் கருத்தை ஆழமாகப் பிடித்துக்கொண்டார்கள். அவர் அதிகம் ஆராய்ந்த பாடங்களில் ஒன்று விலக்க வர்க்கச் சராசரி, நம் எட்டாம் பாடத்துச் சரக்கு.

இரு கட்சியும் சண்டைபோட வேண்டியதில்லை என்பது என் கணிப்பு. பல்லுறுப்புக் கோவைக்கு வகுத்தல் முறையில் வர்க்கமூலம் காண்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கட்டும் என்று விடுவது கொடுமை. அதைப் போட்டுக் காட்ட வேண்டும், பிறகு கடைசி வரியை மறைத்துக் கேட்க வேண்டும், பிறகு கடைசி இரண்டு வரி, இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும். நிகழ்தகவில் தலைகீழ். முதலில் பிள்ளையின் ஊகத்தை எழுதி வாங்காமல் பாடம் நடத்தினால், அந்த ஊகம் உள்ளேயே பத்திரமாக இருந்து அடுத்த கணக்கில் எட்டிப்பார்க்கும்.

ஜார்ஜ் போல்யாவின் 1945-ஆம் ஆண்டுப் புத்தகத்தைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. எதைக் கண்டுபிடிக்க வேண்டும், எது கொடுக்கப்பட்டிருக்கிறது, இதைப்போல முன்பு பார்த்ததுண்டா என்ற அவருடைய கேள்விகள் உலகம் முழுதும் வகுப்பறைச் சுவர்களில் ஒட்டப்பட்டன. ஒட்டியதால் பெரிய பலன் இல்லை. 1985-இல் ஆலன் ஷோன்ஃபெல்ட் காட்டியபடி, மாணவர் கணக்கைப் படித்தவுடன் ஒரு வழியைப் பிடித்துக்கொண்டு, அது எங்கே போகிறது என்று பாராமல் நேரம் தீரும்வரை அதிலேயே ஓடுகிறார். பொதுவான அறிவுரை அவரை நிறுத்தாது. பக்கத்தில் இருப்பவர் நடுவில் "இப்ப எதுக்கு இதப் பண்ற?" என்று கேட்டால் நிற்பார்.

ஆனால் பக்கத்தில் இருப்பவர் பொறுப்பதில்லை. கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார் என்று 1970-களில் மேரி பட் ரோ அளந்தார். மூன்று நொடி காத்தாலே பதில் நீள்கிறது. வீட்டில் நிலைமை இதைவிட மோசமாக இருக்கலாம். கணக்கென்றாலே பயப்படும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவினால், சிறு வகுப்புப் பிள்ளைகள் அந்த ஆண்டு கணக்கில் குறைவாகவே கற்கிறார்கள், பயத்தை மட்டும் கூடுதலாகக் கற்கிறார்கள் என்று 2015-இல் அமெரிக்க ஆய்வொன்று சொன்னது.

தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, தன்னார்வலர்களை மாலையில் பிள்ளைகளின் தெருவுக்கே அனுப்பியது. நல்ல முயற்சி, ஆனால் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். அதற்கு மேல் டியூஷன். அங்கே நேரம் காசு. பொதுத்தேர்வில் வடிவியலுக்கு ஒரு எட்டு மார்க், வரைபடத்துக்கு ஒரு எட்டு மார்க் உறுதி என்பதால் மாதக்கணக்கில் அவையே ஓடும். நிகழ்தகவு கடைசிப் பாடம். திருப்புதல் தேர்வு நெருங்கும் நேரத்தில் அவசரமாக முடிக்கப்படும் பாடமும் அதுவே.

இப்போது பேனாவைப் பிடுங்க ஆளே வேண்டாம், செல்போன் போதும். படம் எடுத்தால் வரிவரியாகப் போட்டுத் தரும் செயலி 2014-இலேயே வந்துவிட்டது, பிறகு சாட்ஜிபிடி. துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று இதற்குக் கணக்குக் காட்டுகிறது. ஜிபிடி-யிடம் தடையில்லாமல் கேட்டவர்கள் பயிற்சிக் கணக்குகளில் 48 விழுக்காடு மேலாகச் செய்தார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி அமைத்த வடிவத்தைப் பயன்படுத்தியவர்கள் 127 விழுக்காடு மேலே. பிறகு கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். தடையில்லாமல் கேட்டவர்கள், கருவியைப் பார்க்காதவர்களைவிட 17 விழுக்காடு குறைவாக எடுத்தார்கள். குறிப்பு மட்டும் பெற்றவர்களுக்கு அந்தச் சேதம் பெரும்பாலும் இல்லை. ஆனால் கருவியே இல்லாதவர்களைவிடப் பெரிதாக மேலேயும் போகவில்லை. குறிப்பு தரும் கருவியையும் பிள்ளைகள் ஏமாற்றுவார்கள் என்பது வேறு கதை: கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் உருவான கணினி ஆசிரியரிடம், மாணவர்கள் முதல் குறிப்புகளைப் படிக்காமலே தட்டிக்கொண்டு போய், விடையைச் சொல்லும் கடைசிக் குறிப்பில்தான் நின்றார்கள்.

செயலியைத் தடைசெய்து பயனில்லை, கைக்கு வந்துவிட்டது. செய்யக்கூடியது ஒன்று உண்டு, அது கணக்கு ஆசிரியர்கள் கையில் இருக்கிறது. ஃபேர் நோட்டுக்கு மட்டும் மார்க் போடும் வழக்கத்தை விடுங்கள். அட்டை போட்டு, மார்ஜின் கோடு கிழித்து, தப்பே இல்லாமல் எழுதி வரும் நோட்டு கைடிலிருந்து வந்ததா செல்போனிலிருந்து வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ரஃப் நோட்டைக் கேளுங்கள். தப்பான வரியை ரப்பரால் அழிக்காமல், மேலே ஒரு கோடு மட்டும் இழுத்துவிட்டு அடுத்த வரியை எழுதச் சொல்லுங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பதைப் படித்துத் திருத்துங்கள்.